வந்த வழியே திரும்பு

கல்கத்தாவில் நான் ஒருநாள் வழி தெரியாமல் நிற்பேன் என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கொஞ்சம் கோபமும் வந்திருக்கும். கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்து ஆறே மாதத்தில், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரருக்குத் தெரியாத சந்துகளை எல்லாம் நான் தெரிந்துவைத்திருந்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ஊர்வலமோ, கடையடைப்போ, முழங்கால் தண்ணீரோ, எப்படி வீட்டுக்குப் போவது என்று பெரிய ஆபீசர்களே என் மேஜைக்கு வந்துதான் கேட்பார்கள். பாலிகஞ்சில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து எந்த இடத்துக்கும் மூன்று வழி சொல்வேன். வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பூஜை நாட்களில் பந்தல் தெருவை அடைத்துக்கொண்டால் ஒன்று. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. இல்லை என்றால் சாமி கண்ணைக் குத்தும்.

முதல் தடவை அது நடந்தது கரியாஹாட் நாற்சந்தியில். காலை பத்து மணி இருக்கும். பையில் கீரைக்கட்டும் வாழைத்தண்டும். சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நான்கு சாலைகளும் ஒன்றுபோல இருந்தன. என் பெயர் தெரிகிறது, வயசு தெரிகிறது, வீட்டு விலாசம் பின்கோடோடு தெரிகிறது, சமையலறையில் பருப்பு ஊறப்போட்டது கூட நினைவிருக்கிறது. வீடு எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை. நைட்டி விற்பவன் கடைமுன் நின்று, ஏதோ வாங்க வந்தவளைப் போல ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அவனும் எடுத்து எடுத்துப் போட்டான். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ கழித்து, போன கரன்ட் வருவதுபோல எல்லாம் திரும்பி வந்தது. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவன் பின்னாலிருந்து திட்டியது காதில் விழுந்தது.

வெயில், வெறும் வயிறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் பாங்க் வாசலில் மறுபடி வந்தது. அதற்கடுத்தது சாயந்தரம் கோயிலிலிருந்து திரும்பும்போது. அதன் பிறகு சமாதானம் எடுபடவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட எட்டு வயசு மூத்தவள். சென்னையில் மகளோடு இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நினைவு பிசகத் தொடங்கியது. இரண்டு தடவை வீட்டை விட்டுப் போய், ஒரு தடவை பஸ் டிப்போவிலும் ஒரு தடவை எங்கேயோ ஒரு பள்ளிக்கூட வாசலிலும் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். அக்கா பெண் போனில் அழுதாள். நான் அழவில்லை. ஆபீசில் புது கிளார்க்குக்குச் சொல்லிக்கொடுக்கும் குரலில் யோசனை சொன்னேன்.

"கிரில் கதவைப் பூட்டினா கத்துவா, ஊர் கூடும். அதெல்லாம் வேண்டாம். அவ செருப்பை எடுத்து ஒளிச்சு வெச்சுடு. செருப்பில்லாம எங்கக்கா வாசப்படி தாண்டமாட்டா. எனக்குத் தெரியும்."

பலித்தது. அக்கா அதன் பிறகு வெளியே போகவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பலே ஆளுடி நீ" என்று மெச்சிக்கொண்டார். அன்றிலிருந்து நான் போன் செய்யும்போதெல்லாம், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் அக்கா கேட்பது ஒன்றுதான்: "என் செருப்பைப் பாத்தியாடி?" தேடிப் பார்க்கிறேன் அக்கா என்பேன். வாய்கூசாமல் சொல்வேன்.

ஆகவே, வழி தெரியவில்லை என்று வாய் திறந்து சொன்ன பெண்பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த யோசனையே என்னுடையதுதானே. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. வெளியே போய், நாலு மனிதரைப் பார்த்து, கீரைக்காரியோடு சண்டை போட்டுவிட்டு வருவதுதான் என் நாள். அது போய்விட்டால் மிச்சம் என்ன? நோயை நினைத்து நான் அவ்வளவு பயப்படவில்லை. வீட்டுக்குள் உட்கார்த்தி வைத்துவிடுவார்கள் என்றுதான் பயந்தேன்.

அப்போதுதான் நடைப்பயிற்சிச் செயலி ஒன்று கண்ணில் பட்டது. அது முதலில் அவர் போனில்தான் இருந்தது. காலையில் ஏரியைச் சுற்றி நடக்கும் ரிடையர்டு கோஷ்டி ஒன்று அவருக்கு உண்டு. யார் எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்று அவர்களுக்குள் போட்டி. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு நடந்தால், நடக்கும் வழி வரைபடத்தில் கோடாக விழுந்துகொண்டே வரும். முடிந்ததும் நிறுத்தி, ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். இவர் நிறுத்த மறந்துபோய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த இடத்திலேயே கோடு இப்படியும் அப்படியும் கிறுக்கி, கால் அசையாமல் அரை கிலோமீட்டர் கூடிவிடும். உட்கார்ந்துகொண்டே நடந்த மகான் என்று நான் கேலி செய்வேன்.

அதே செயலியை என் போனிலும் போட்டுக்கொண்டேன். மனசு தெளிவாக இருக்கும் காலை நேரங்களில் கிளம்பிப் போய் என் வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தேன். காய்கறி மார்க்கெட்டுக்குப் பச்சைக் கோடு, பாங்குக்கு நீலம், கோயிலுக்கு மஞ்சள். திருப்பங்களில் சின்னக் கொடி நட்டு, அதன்கீழ் குறிப்பு எழுதலாம். "இடிந்த பால்கனி வீடு, இங்கே வலது." "மீன் நாற்றம் வந்தால் தப்பு வழி." "டெய்லர் கடைப் பூனையைத் தாண்டினால் நம் தெரு." பூனை எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று அப்போது தோன்றவில்லை.

பெயர்களையும் குறிப்புகளையும் தமிழில் எழுதினேன். அதற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் நன்றாகத் தமிழ் பேசுவார். ஆனால் படித்ததெல்லாம் பெங்காலியும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்தில் அவருக்கு அ, ஆ தாண்டாது. கல்யாணமான புதிதில் என் அப்பா எழுதும் கடிதங்களை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். அவரைப் பற்றிய வரிகளை விட்டுவிட்டுப் படிப்பேன். எங்கள் வீட்டில் தமிழில் எழுதி வைத்தால் பீரோவில் வைத்துப் பூட்டின மாதிரி.

அந்தச் செயலியில் எனக்கு உயிராக இருந்தவை இரண்டு. ஒன்று, வந்த வழியே திரும்பு என்ற வசதி. போகும்போது விழுந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு அதே வழியாகத் திரும்பலாம். நாம் நீலப் புள்ளியாக அதன்மேல் நகர்ந்து வருவோம். இன்னொன்று கத்தரிக்கோல். என்றைக்காவது தடுமாறிச் சுற்றிவிட்டு வந்தேன் என்றால் கோட்டில் அந்த இடம் முடிச்சு விழுந்தது போலக் காட்டிக்கொடுக்கும். சாயந்தரம் குக்கர் சத்தம் வரும்வரை உட்கார்ந்து, கீரையில் வேர் நறுக்குவதுபோல, அந்தத் துண்டுகளை நறுக்கி எறிவேன். அதன்பின் பார்த்தால் தப்பே பண்ணாத பெண்பிள்ளையின் கோடாக இருக்கும். யாருக்காக அப்படி நறுக்கினேன் என்று கேட்டால், எனக்காகத்தான். பார்க்க வேறு யார் இருந்தார்கள்?

இப்படி ஒன்றரை வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

போன மாசி மாதம் அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் தவறிப்போனார். காளிகாட் பக்கம் வீடு. எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம். காலையில் போன் வந்ததும் இரண்டு பேரும் டாக்ஸியில் கிளம்பினோம். ஏறும்போதே பைக்குள் கையை விட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். நண்பர் போன துக்கம்.

வீடு நிறைய ஜனம். போனைச் சத்தம் வராமல் செய்து பையின் அடியில் போட்டேன். போட்ட அவசரத்தில் பதிவை நிறுத்த மறந்தேன். பன்னிரண்டு மணிக்கு எடுத்துவிட்டார்கள். ஆண்களோடு மயானத்துக்குக் கிளம்பும்போது, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் என் பக்கம் வந்தார்.

"நீ ஒரு டாக்ஸி பிடிச்சு ஆத்துக்குப் போயிடு. நான் அங்கேர்ந்து நேரா வந்து குளிச்சுக்கறேன்."

"சரின்னா" என்றேன். வேறு என்ன சொல்வது? நாற்பது வருஷத்தில் ஒரு நாள் கூட, பத்திரமாகப் போ என்று அவர் எனக்குச் சொன்னதில்லை. சொல்லும் அவசியம் வந்ததில்லை.

நண்பரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நவராத்திரிக்கு என் வீட்டுக்கு வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போனவள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் மனசு அவளிடம் இல்லை. டாக்ஸி காலையில் எந்த முனையில் திரும்பியது, இறங்கின இடத்தில் என்ன கடை இருந்தது என்றே ஓடிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

துக்க வீட்டில் போயிட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவர்களும் வாசல் வரை வந்து வழியனுப்பக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேறு எந்த வீடாக இருந்தாலும் குங்குமம் கொடுக்கும்போது, எப்படிப் போகிறீர்கள், யாராவது கூட வரட்டுமா என்று நாலு பேர் கேட்பார்கள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. நானும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

தெருமுனையில் டாக்ஸி கிடைத்தது. ஏறிக்கொண்டு போனை எடுத்தால் பாட்டரி கால்வாசிக்குக் கீழே. பதிவு நிற்காமல் ஓடியிருக்கிறது. அந்த வீடு இருக்கும் இடத்தில் கோடு சிக்கு விழுந்த நூல்கண்டாகக் கிடந்தது. வந்த வழியே திரும்பு என்பதை அழுத்தினேன். கோடு வந்தது. புள்ளி வந்தது. மூச்சும் வந்தது. இரண்டாவது திருப்பத்தில் கோடு இடது பக்கம் போனது. டாக்ஸி வலது பக்கம் திரும்பியது.

"அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்" என்று பெங்காலியில் சொன்னேன்.

"இப்போது அந்தப் பக்கம் போக முடியாது, மாஷிமா" என்றார் டிரைவர். நல்ல வயசானவர். என்னைச் சித்தி முறை வைத்துத்தான் கூப்பிட்டார்.

"காலையில் அப்படித்தான் வந்தேன்."

"அது காலையில்."

இந்த ஊரில் பல சாலைகள் காலையில் ஒரு பக்கம் ஒருவழியாக ஓடும். மத்தியானத்துக்கு மேல் அதே சாலை எதிர்ப்பக்கம் ஓடும். நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கி விளக்கி, இதுகூடப் புரியவில்லையா என்று நான் எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்! அந்த மத்தியானம் அது என் தலையில் இல்லவே இல்லை. கோடு ஒரு பக்கம் போகிறது, புள்ளி விலகி விலகி வேறு எங்கேயோ போகிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த மனிதர் என்னை எங்கேயோ கடத்திக்கொண்டு போகிறார் என்று தோன்றிவிட்டது. கத்தினேன். நான் யார் தெரியுமா, இந்த ஊரில் எத்தனை வருஷமாக இருக்கிறேன் தெரியுமா என்றெல்லாம் கேட்டேன். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, கதவை அறைந்து சாத்தினேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தப் பார்வையை இப்போது நினைத்துப் பார்த்தால், அவருக்குப் புரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

கோடு இருந்த திசையில் நடந்தேன். ஒரு சந்து இன்னொரு சந்தில் கொண்டு விட்டது. எல்லா வீட்டிலும் பச்சை ஜன்னல், எல்லா வாசலிலும் ஒரு குழாயடி. எத்தனையாவது சந்திலோ போன் அணைந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன்.

அப்போது ஒரு வீடு தெரிந்தது. வாசலில் இழைக்கோலம். எங்கள் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வருகிற தமிழ் மாமி வீடு அது. இரண்டு தடவை வெற்றிலை பாக்குக்கு வந்திருக்கிறேன். மேலே மாடியில் அவளே நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாமி என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் சாவு வீட்டிலிருந்து குளிக்காமல் வந்தவள் இன்னொருத்தர் வீட்டுப் படி ஏறலாமா? சுமங்கலி, பேரன் பிறந்து இரண்டு மாதம் ஆன வீடு. புடவைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி நடந்துவிட்டேன். தீட்டுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தீட்டு பாதி, மானம் பாதி. வெள்ளிக்கிழமை கோயிலில் அவள் நாலு பேரிடம் சொல்லியிருப்பாள்.

கால் ஓய்ந்துபோய்ப் பூக்காரி ஒருத்தியின் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்தேன். காளி கோயிலுக்குப் போகும் செம்பருத்தி மாலை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட வயசில் சின்னவள். எங்கே போக வேண்டும் என்று கேட்டாள்.

"வழி தெரியவில்லை" என்றேன்.

பெங்காலியில் சொன்னேன். ஒன்றரை வருஷமாகத் தமிழில் என் வாயிலிருந்து வராத வார்த்தை, பெங்காலியில் சுலபமாக வந்துவிட்டது. சொன்னதும் அழுகை வந்தது. அவள் மாலையைக் கூடையில் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். தொடாதே, சாவு வீட்டிலிருந்து வருகிறேன் என்றேன். அம்மா பார்த்துக்கொள்வாள் என்று கோயில் இருந்த திசையில் மோவாயைக் காட்டினாள். கையை விடாமலே கூட்டிக்கொண்டு போய்க் கரியாஹாட் ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கடைசியில்தான் இறக்கிவிட வேண்டும் என்று டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னாள். கரியாஹாட்டில் இறங்கியதும் வீட்டுக்கு வழி தானாகத் தெரிந்தது. அதுதான் இந்த வியாதியின் விஷமம். தெரிய வேண்டிய நேரத்தில் தெரியாது.

நான் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். அவர் கட்டட வாசலில் நின்றுகொண்டிருந்தார். குளித்துவிட்டிருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"எங்கடி போனே? எத்தனை தடவை அடிக்கறது?"

"வழியெல்லாம் டிராஃபிக். போன் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனேன். பையை வாசலிலேயே வைத்துவிட்டேன்.

தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் என் போனைச் சார்ஜில் போட்டு, பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். உயிர் வந்ததும் செயலி தானாகவே கேட்டிருக்கிறது: முடிக்காத தடம் ஒன்று இருக்கிறது, சேமிக்கட்டுமா என்று. அது இங்கிலீஷில் கேட்டது. அவர் திறந்து பார்த்திருக்கிறார். காலையில் போன கோடு நேராக இருக்கிறது. திரும்பின கோடு சந்து சந்தாகச் சுற்றி, ஒரே முனையை மூன்று தடவை கடந்து, நடுத்தெருவில் அறுந்து நிற்கிறது. தமிழ் எழுத்து தெரியாவிட்டால் என்ன? கோட்டைப் படிக்க எந்த எழுத்து வேண்டும்? அதோடு விடாமல் மற்றதையும் திறந்திருக்கிறார். பச்சை, நீலம், மஞ்சள். எல்லாக் கோடும் எங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்படுகிறது.

"பால் பூத்துக்குக் கூடவாடி?" என்றார்.

பால் பூத் எங்கள் தெருமுனையில் இருக்கிறது. பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியும். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை கீரைக்காரி வரும் நேரத்துக்குப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பு ஸ்டாண்டில் அவருடைய ஷூ இருந்தது, குடை இருந்தது. என் செருப்பு இல்லை. கீழ்த்தட்டில் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

"ஏன்னா, என் செருப்பைப் பாத்தேளா?"

கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது. அக்காவின் குரல். அதே இழுப்பு, அதே சந்தேகம்.

அவர் பேப்பரைக் கீழே இறக்கினார். பொய் சொல்ல அவருக்கு வராது. சமையலறைப் பரண்மேல் இருந்த காலி அரிசி டின்னைக் கண்ணால் காட்டினார்.

"நீதானேடி அன்னிக்கு உங்கக்கா பொண்ணுக்குச் சொன்னே, பூட்டறதைவிட இதுதான் மேல்னு. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியலை."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கத்தினேன். நான் என்ன நாயா, மாடா, கட்டிப் போடுவதற்கு என்று கேட்டேன். பையைத் தூக்கி எறிந்தேன். இருபத்துமூன்று வயசில் உங்களை நம்பி இந்த ஊருக்கு வந்தேனே என்றேன். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். செருப்பை எடுத்து, ஒரு துணியால் தவிட்டைத் தட்டித் துடைத்து, குனிந்து என் கால் பக்கத்தில் வைத்தார். நிமிரும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவரும் பயந்துபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. என் பயத்தையே ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது தோன்றவே இல்லை.

அன்றைக்கே பேசி முடிவு செய்தோம். டாக்டரிடம் போவது. தனியாக நான் தெருமுனை தாண்டுவதில்லை. அதைத் தாண்டினால் அவர் கூட வருவார். ஆனால் அரையடி பின்னால்தான் வருவார், நான் கேட்காமல் வழி சொல்லமாட்டார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், கடிகாரம் வரையச் சொன்னார், கேள்வி கேட்டார். மாத்திரை எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

முதல் நாள் கரியாஹாட்டுக்கு இரண்டு பேரும் நடந்தோம். திரும்பும்போது நாற்சந்தியில் மறுபடி அந்த வெறுமை வந்தது. நான்கு சாலையும் ஒன்றுபோல. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். என் பிடிவாதம் எனக்கு. கேட்கவில்லை. மனசுக்குப் பட்ட ஒரு பக்கம் நடந்தேன். ரயில் சத்தம் கேட்ட பிறகுதான், பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டோம் என்று தெரிந்தது. வீடு எங்கேயோ இருக்கிறது. அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"உக்காந்துண்டே நடக்கறதுக்கு இது தேவலை" என்றார்.

சிரித்துவிட்டேன். அப்புறம் கேட்டேன், எந்தப் பக்கம் என்று. தமிழில் கேட்டேன். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், கோட்டில் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பின முடிச்சு பெரிதாகத் தெரிந்தது. பழக்க தோஷம், விரல் கத்தரிக்கோல் மேல் போனது. விரலை எடுத்துக்கொண்டேன். முடிச்சோடு அப்படியே சேமித்து, அவருக்கும் படிக்க வரட்டும் என்று பெயரை இங்கிலீஷில் எழுதினேன். மனசு லேசாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பீரோ சாவியைக் கொத்தோடு எடுத்துக் கொடுத்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் அக்கா பெண்ணுக்குப் போன் செய்தேன். அம்மா செருப்பை எடுத்து, அவள் கண்ணில் படுகிற இடத்தில் வை என்றேன்.

"என்ன சித்தி இது? நீங்கதானே சொன்னேள்? போயிட்டான்னா?"

"நீயும் கூடப் போ. தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்கோ. அவ எந்தப் பக்கம் போறாளோ அந்தப் பக்கம் போ."

எனக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொன்னேன். சரி சித்தி என்றாள்.

சாயந்தரம் அவளே கூப்பிட்டாள்.

"வெச்சேன் சித்தி. பாத்த ஒடனே எடுத்துப் போட்டுண்டுட்டா. வாம்மா, வெளில போயிட்டு வரலாம்னு கதவைத் தொறந்து விட்டேன். வரமாட்டேங்கறா. செருப்பைப் போட்டுண்டு கார்த்தாலேர்ந்து ஹால்லயே உக்காந்திருக்கா."

போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"செருப்பு கெடைச்சுடுத்துடி" என்றாள் அக்கா. குரலில் அப்படியொரு சந்தோஷம். இரண்டு வருஷமாக நான் கேட்காத குரல் அது.

"போட்டுண்டுட்டியா அக்கா?"

"போட்டுண்டுட்டேன். எங்கே போகணும்னு நீ சொல்லு. நோக்குத்தான் வழியெல்லாம் தெரியுமே" என்றாள்.